ஆக்ஸில் உடையாம இருக்க லட்சங்கள் தேவையா? ஆஃப்ரோடு பிரியர்களுக்கு ஒரு பட்ஜெட் கைடு!

வண்டி வாங்கியாச்சு. பம்பர் மாத்தியாச்சு, கூரையில லைட் போட்டாச்சு, ஸ்நார்கல்கூட வெச்சாச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறையும் மணலுமா இருக்கிற ஓர் ஏற்றத்துல பாதி ஏறும்போது, கீழே இருந்து 'டக்'குனு ஒரு சத்தம். இன்ஜின் ஓடுது, கியர் விழுது. ஆனா, வண்டி மட்டும் நகரவே இல்லை.

உடைஞ்சது பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணா இருக்கும். ஒண்ணு, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்கு சக்தியைக் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாஃப்ட். இன்னொண்ணு, ஆக்ஸிலுக்குள்ளே இருந்து சக்கரத்தைச் சுத்துகிற ஆக்ஸில் ஷாஃப்ட். வெளியே தெரியாத பாகங்கள் என்பதால், நம்ம பட்ஜெட்டில் இவற்றுக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். உடைஞ்ச பிறகோ, பயத்துல நேரே போய் லட்ச ரூபாய் பார்ட்ஸைத் தேட ஆரம்பிப்போம்.

ரெண்டுமே தேவையில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒரே விஷயம்தான். எந்த வண்டியிலும் ஏதாவது ஒரு பாகம் மற்றதைவிட பலவீனமாகத்தான் இருக்கும். அது எந்தப் பாகமா இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. விலை குறைவான, காட்டுல வெச்சே மாத்தக்கூடிய ஒரு பாகம் உடையட்டும். விலை அதிகமானது தப்பிக்கட்டும். வீட்டுல ஃப்யூஸ் போகிறதே, அதே கணக்குதான். இதைப் புரிஞ்சுக்கிட்டா, எதுக்கு முதல்ல செலவு பண்ணணும், எதுக்குப் பண்ணவே கூடாதுன்னு தெளிவாயிடும்.

சக்தி எந்த வழியா போகுது?

இன்ஜினிலிருந்து கிளட்ச், கியர்பாக்ஸ். அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற இடம் இது. 'லோ' கியர் இருப்பதும் இங்கேதான். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னே ஒரு பிராப்பெல்லர் ஷாஃப்ட், பின்னே ஒண்ணு. ஷாஃப்ட்டின் முனைகளில் 'கிராஸ்' என்று மெக்கானிக்குகள் சொல்கிற யு-ஜாயின்ட். பிறகு கிரவுன்-பினியன், டிஃபரன்ஷியல். கடைசியாக இடது பக்கம் ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட், வலது பக்கம் ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட், சக்கரம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எளிமைக்காக முழு எண்களாகவே வெச்சுக்குவோம். இன்ஜின் டார்க் 130 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 4 மடங்கு, லோ ரேஞ்ச் 2 மடங்கு, ஆக்ஸில் கியர் 4 மடங்கு. உராய்வில் போகிற இழப்பை விட்டுவிடுவோம்.

பிராப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வருவது 130 × 4 × 2 = 1,040 நியூட்டன் மீட்டர். கிரவுன்-பினியனைத் தாண்டியதும் அது 1,040 × 4 = 4,160. சாதாரண டிஃபரன்ஷியல் இதை ரெண்டு பக்கமும் சமமாகப் பிரிக்கும். ஒரு ஷாஃப்ட்டுக்கு 2,080. டிஃபரன்ஷியல் லாக் ஆகி, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், முழு 4,160-மே தரையில் இருக்கிற ஒரே ஷாஃப்ட்டின் தலையில் விழும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, 130-ஐ 4,160 ஆக்குவது இன்ஜின் இல்லை, கியர்கள். அதனாலதான் சின்ன இன்ஜின் வண்டியிலும் லோ ரேஞ்ச்சில் ஆக்ஸில் உடையுது. ரெண்டு, லாக்கர் போட்டால் வண்டி நல்லா ஏறும். ஆனா ஆக்ஸில் ஷாஃப்ட் தாங்க வேண்டிய சுமையும் இரண்டு மடங்கு ஆகலாம்.

அப்புறம் ஏன் சேற்றில் உடையறதில்லை?

நல்ல கேள்வி. சேற்றில் சக்கரம் வழுக்கிவிடும். வழுக்கினால் ஷாஃப்ட்டுக்கு வருகிற முறுக்கு அங்கேயே குறைந்துவிடும். காய்ந்த பாறையில் டயர் பிடித்துக்கொள்ளும், விடாது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த, ஏதோ ஒண்ணு விட்டுக்கொடுத்தே ஆகணும்.

இதைவிட மோசம், அதிர்ச்சி. முன் சக்கரம் காற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வண்டி தரையில் இறங்கினால், சுற்றிக்கொண்டிருந்த அத்தனை வேகமும் ஒரே நொடியில் ஷாஃப்ட்டைத் திருகும். கிளட்ச்சை 'டப்'புனு விடுவதும் இதே கதைதான். மேலே போட்ட கணக்கையெல்லாம் தாண்டிய முறுக்கு அது.

இன்னொண்ணு, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுப்பது. முன் ஆக்ஸிலில் இருக்கிற சிவி ஜாயின்ட்டோ, யு-ஜாயின்ட்டோ நேரா இருக்கும்போதுதான் முழு பலத்தோடு இருக்கும். கோணம் கூடக்கூட பலம் குறையும். மாட்டிக்கிட்டா, முதல்ல ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்க. அப்புறம் ஆக்ஸிலேட்டரைத் தொடுங்க. இந்த ஒரு பழக்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. பல ஆயிரம் ரூபாய் ஷாஃப்ட் செய்ய வேண்டிய வேலையை இதுவே செய்துவிடும்.

அதேபோல, காய்ந்த தார் ரோட்டில் 4×4-ஐப் போட்டு ஓட்டாதீங்க. பார்ட்-டைம் 4×4 வண்டிகளில் முன்னும் பின்னும் பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்களிலும் கிராஸ்களிலும் முறுக்காகச் சேரும். கிராஸ் தேய்வது இப்படித்தான்.

முதல் கட்டம்: சில நூறு ரூபாய் வேலைகள்

'அப்கிரேடு' என்றதும் புதுசா எதையோ மாட்டுவதுன்னு நினைக்க வேண்டாம். இருப்பதை அதன் முழு பலத்துக்குக் கொண்டுவருவதுதான் உலகத்திலேயே மலிவான அப்கிரேடு.

கிராஸ் செக்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வெச்சு, பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பாருங்க. கிராஸில் ஆட்டம் தெரிஞ்சா மாத்தணும். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால், உள்ளே கிரீஸ் காலி, ஊசி பேரிங் துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாத்தும்போது வருகிற 'டங்' சத்தமும் இதைத்தான் சொல்லும்.

கிரீஸ்: நிப்பிள் இருக்கிற கிராஸ் என்றால், நாலு மூடி வழியாகவும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிங்க. தண்ணீரில் இறங்கி வந்தால் அடுத்த நாளே அடிச்சிடுங்க.

பெயின்ட் மார்க்: பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாடி, ஸ்லிப் ஜாயின்ட்டின் ரெண்டு பக்கமும், ஃப்ளாஞ்ச்சிலும் ஒரு கோடு போட்டுடுங்க. ஷாஃப்ட்டின் ரெண்டு முனையில் இருக்கிற யோக்குகளும் ஒரே வரிசையில் இருக்கணும். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் வண்டி அதிரும். கிராஸ் சீக்கிரம் போகும். புது கிராஸ் போட்ட பிறகும் அதிர்வு நிற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்க.

பிரீதர் டியூப்: இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஓடி ஓடிச் சூடான ஆக்ஸில், ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். வெளியே இருந்து எதையாவது இழுத்துக்கொள்ளும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால், இழுப்பது தண்ணீரை. அந்த பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் டியூபை இன்ஜின் பே வரை உயரமாக இழுத்துக் கட்டிவிடுங்க. சில நூறு ரூபாய் வேலை. கிரவுன்-பினியனையும் பேரிங்கையும் காப்பாற்றும்.

ஆயில்: தண்ணீரைக் கடந்து வந்த பிறகு டிஃபரன்ஷியல் பிளக்கைத் திறந்து பாருங்க. ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கு. உடனே மாத்திடுங்க. 'அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்' என்று விட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

இரண்டாம் கட்டம்: பிராப்பெல்லர் ஷாஃப்ட்

உங்க வண்டி ஸ்டாக் உயரத்தில் இருந்து, கிராஸ்கள் நல்லா இருந்தால், பிராப்பெல்லர் ஷாஃப்ட்டில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. லிஃப்ட் கிட் போட்ட பிறகுதான் இங்கே பிரச்னை ஆரம்பிக்கும்.

வண்டியை உயர்த்தினால் ஷாஃப்ட்டின் கோணம் செங்குத்தாகும். கூடவே டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரமும் கூடும். ஸ்லிப் ஜாயின்ட் வெளியே இழுபடும். உள்ளே பல்லும் பல்லும் பிடித்திருக்கிற நீளம் குறையும். சஸ்பென்ஷன் முழுசா கீழே தொங்கும்போது ஷாஃப்ட் கழன்றே விழலாம். அதனால லிஃப்ட் போட்டதும், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, ஸ்லிப் ஜாயின்ட் எவ்வளவு வெளியே வருதுன்னு பார்த்தே ஆகணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம்.

தூரம் கொஞ்சம்தான் குறையுது என்றால், ஃப்ளாஞ்ச்சுக்கு நடுவில் வைக்கிற ஸ்பேஸரே போதும். நல்ல லேத்தில் செய்து, கொஞ்சம் நீளமான, அதே கிரேடு போல்ட் போடணும். கோணம்தான் பிரச்னை என்றால், ரெண்டு முனையிலும் கோணம் சமமாக இருக்கான்னு பாருங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளாஞ்ச்சும் பினியன் ஃப்ளாஞ்ச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், ஒரு கிராஸ் உண்டாக்குகிற ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு சரிக்கட்டிவிடும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகடு வெச்சு இந்தக் கோணத்தைச் சரிபண்ணலாம். செலவு ரொம்பக் குறைவு.

இதையும் தாண்டிய உயரம் என்றால், டபுள் கார்டன் ஷாஃப்ட் தேவைப்படும். ஒரே முனையில் ரெண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கிற டிசைன் இது. இதைப் போட்டால் விதி மாறும். பினியன் இணையாக இருக்கக் கூடாது, டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்தபடி இருக்கணும். விலையும் எகிறும். 'இவ்வளவு லிஃப்ட் எனக்குத் தேவையா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

புது ஷாஃப்ட் செய்யக் கொடுத்தால், பாறையில் இடிபட்டாலும் நசுங்காத கனமான டியூப் கேளுங்க. வெல்டிங் முடிஞ்சதும் பேலன்ஸிங் கட்டாயம். பேலன்ஸ் பண்ணாத ஷாஃப்ட், பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் தன் வேலையைக் காட்டும். பினியன் பேரிங்கையும் சேர்த்து முடிச்சிடும்.

மூன்றாம் கட்டம்: டயரை முடிவு பண்ணுங்க

ஆக்ஸில் கட்டுரையில டயர் எதுக்கு? ஏன்னா, ஆக்ஸிலை உடைக்கிற முதல் குற்றவாளி டயர்தான்.

ஜிம்னியின் ஸ்டாக் டயர் 195/80 ஆர்15. உயரம் சுமார் 693 மில்லிமீட்டர், அதாவது 27 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே 30 அங்குல டயர் போட்டால், விட்டம் 10 சதவிகிதம் கூடுது. டயர் வழுக்குவதற்கு முன் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கும் அதே 10 சதவிகிதம் கூடும். டயரின் எடை கூடுவதால் வருகிற அதிர்ச்சி தனிக் கணக்கு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்க 66-ல் போய்க்கொண்டிருப்பீங்க. இன்ஜினுக்கு இழுவை போதாது. அதனால கால் தானாக ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தும். அந்தக் கால்தான் ஷாஃப்ட்டை உடைக்குது.

இழந்த இழுவையைத் திரும்பப் பெற, கிரவுன்-பினியன் ரேஷியோவை மாத்தலாம். 4.0 ரேஷியோ இருந்த இடத்தில் 10 சதவிகிதம் பெரிய டயருக்கு 4.4 வேணும். ஆனா மூணு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டையும் ஒரே ரேஷியோவுக்கு மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தி 4×4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். பல் பொருத்தம், இடைவெளி, பேரிங் இறுக்கம் எல்லாம் அளந்து செட் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். கடைசியாக, அதே அளவு ஹவுசிங்கில் ரேஷியோ கூடக்கூட பினியன் சின்னதாகும். அதன் பலமும் குறையும்.

அதனால பட்ஜெட்டில் இருக்கிறவர்களுக்கு எங்க பரிந்துரை: டயரை ஸ்டாக் அளவிலேயோ, அதற்கு ஒரு படி மேலேயோ நிறுத்திக்கோங்க. நல்ல ஆல்-டெரெய்ன் அல்லது மட்-டெரெய்ன் டயர், காட்டுப் பாதையில் காற்றைக் குறைத்து ஓட்டுகிற பழக்கம், திரும்பி வரும்போது காற்றடிக்க ஒரு 12 வோல்ட் பம்ப். பிடிமானத்துக்கு இந்த மூணே போதும். ஷாஃப்ட் செலவு, கியர் செலவு, பிரேக் செலவு எல்லாமே மிச்சம்.

நான்காம் கட்டம்: ஆக்ஸில் ஷாஃப்ட்

எல்லாம் சரியா இருந்தும் ஷாஃப்ட் உடையுது, அல்லது லாக்கர் போடப் போறீங்க என்றால், இப்போ ஷாஃப்ட்டைப் பத்திப் பேசலாம்.

பலத்தைத் தீர்மானிப்பதில் முதலில் வருவது விட்டம். ஒரு ஷாஃப்ட்டின் முறுக்குத் தாங்கும் திறன், விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 26 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை 28 மில்லிமீட்டர் ஆக்கினால், விட்டம் 8 சதவிகிதம்கூட கூடலை. ஆனா பலம் சுமார் 25 சதவிகிதம் கூடும். கடையில் 'இது இத்தனை ஸ்பிளைன்' என்று பெருமையாகச் சொல்வாங்க. ஸ்பிளைன் எண்ணிக்கை மட்டும் பலம் இல்லை. அதைவிட, ஸ்பிளைன் முடிகிற இடத்தில் ஷாஃப்ட் எவ்வளவு மெலியுதுன்னு பாருங்க. பெரும்பாலும் உடைவது அந்தக் கழுத்தில்தான்.

அடுத்தது உலோகம். பட்டறைகளில் இஎன் 8, இஎன் 19, இஎன் 24 என்று சொல்வாங்க. இஎன் 8 சாதாரண கார்பன் ஸ்டீல். இஎன் 19 குரோமியம்-மாலிப்டினம் கலந்தது. வெளிநாட்டு கேட்டலாக்கில் 4140 என்று இருப்பதற்கு நெருக்கமானது. இஎன் 24-ல் நிக்கலும் சேரும். அது 4340-க்கு நெருக்கமானது. 'குரோமோலி ஷாஃப்ட்' என்று இறக்குமதி பார்ட்ஸில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இஎன் 24 கம்பியை வாங்கி லேத்தில் கடைந்துவிட்டால் அது குரோமோலி ஷாஃப்ட் ஆகிவிடாது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்தால்தான் அந்த உலோகம் தன் பலத்தைக் காட்டும். செய்யாமல் விட்டால் ஸ்பிளைன் முறுக்கிக்கொள்ளும். தப்பாகச் செய்தால் கண்ணாடி மாதிரி உடையும். பட்டறையில் செய்யக் கொடுத்தால், 'ஹீட் ட்ரீட்மென்ட் எங்கே பண்றீங்க, ஹார்ட்னஸ் ரிப்போர்ட் தருவீங்களா அண்ணே?' என்று கேளுங்க. பதில் மழுப்பலாக வந்தால், கம்பெனி ஒரிஜினல் ஷாஃப்ட்டே மேல்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? வாங்கலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் நல்ல ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்கும். ஸ்பிளைன் பற்கள் நேராக இருக்கா, ஒரு பக்கமா திருகியிருக்கான்னு முதலில் பாருங்க. திருகியிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே பாதி உடைஞ்சாச்சு. சீல் உட்கார்கிற இடத்தில் பள்ளம் இருக்கான்னு விரல் நகத்தால் தடவிப் பாருங்க. பிறகு பழைய ஷாஃப்ட்டைப் பக்கத்தில் வெச்சு நீளம், ஸ்பிளைன், பேரிங் அளவு மூணையும் ஒப்பிடுங்க. பக்கத்துக்குப் பக்கம் நீளம் மாறுகிற வண்டிகள் நிறைய உண்டு. இடது, வலது குழப்பிக்காதீங்க.

ஒரு பாதுகாப்பு விஷயம். செமி-ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில், வண்டியின் எடையையும் ஷாஃப்ட்தான் தாங்குது. ஷாஃப்ட் வெளிப்பக்கம் உடைந்தால் சக்கரமே கழன்றுபோகலாம். ஃபுல்-ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில் எடையை ஹவுசிங்கும் ஹப்பும் தாங்கும். ஷாஃப்ட் சுற்றுவதற்கு மட்டும்தான். பின்னாடி செமி-ஃப்ளோட்டிங் இருக்கிற வண்டியில், திருகிய ஷாஃப்ட்டை 'இன்னொரு டிரிப் தாங்கும்' என்று விட்டுவைப்பது வேண்டாத வேலை. காட்டில் உடைந்தால் வண்டி நிற்கும். அதே ஷாஃப்ட் திரும்பி வரும்போது ஹைவேயில் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐந்தாம் கட்டம்: லாக்கர் தேவையா?

லாக்கர் போட்ட வண்டி, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலேயே மெதுவாக ஏறிவிடும். மிதிக்காததால் அதிர்ச்சி குறையும். அந்த வகையில் லாக்கர் ஆக்ஸிலுக்கு நண்பன். ஆனா மேலே பார்த்த கணக்குப்படி, ஒரே ஷாஃப்ட்டுக்கு முழு முறுக்கும் போகும் என்பதால் எதிரியும்கூட. எல்லாம் உங்க காலில் இருக்கு.

பட்டன் அழுத்தினால் பூட்டுகிற ஏர் லாக்கர்தான் சிறந்தது. ஆனா கம்ப்ரஸரோடு சேர்த்து ஒரு ஆக்ஸிலுக்கே லட்சத்தைத் தொடும். தானாகப் பூட்டிக்கொள்கிற ஆட்டோ லாக்கர் விலை குறைவு. ஆனா தார் ரோட்டு வளைவில் 'டிக் டிக்' சத்தமும், ஸ்டீயரிங் இழுப்பும் இருக்கும்.

'டிஃபரன்ஷியலை வெல்டிங் வெச்சிடலாம், ஆயிரத்துல முடிஞ்சிடும்' என்று யாராவது சொன்னால், காதில் வாங்காதீங்க. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது கூடவே கூடாது. ஒவ்வொரு வளைவிலும் டயர் தேயும், ஷாஃப்ட் முறுக்கும், மழை ரோட்டில் வண்டி வழுக்கும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஆக்ஸிலையே வாங்க வேண்டி வரும்.

உங்க வண்டி எது?

ஜிப்ஸி: முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால் கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட்டும் உண்டு. கிராஸ் செக் பண்ணும்போது அதை மறந்துடாதீங்க. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மேலே எழும்பினால் பின் கிராஸ் அடிக்கடி போகும். முதலில் பட்டை, புஷ், யு-போல்ட் ஆகியவற்றைச் சரிபண்ணுங்க. முன் சக்கர ஜாயின்ட்டில் கிரீஸ் பார்ப்பதும் சீல் மாத்துவதும் அடுத்தது. விற்பனை நின்று வருஷங்கள் ஆகிவிட்டதால், நல்ல செகண்ட் ஹேண்ட் ஷாஃப்ட் கண்ணில் பட்டால் வாங்கி வெச்சுக்கோங்க.

ஜிம்னி: காயில் ஸ்பிரிங்கோடு முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில். 1.5 லிட்டர் இன்ஜின், 134 நியூட்டன் மீட்டர். ஸ்டாக் அளவுக்கு நெருக்கமான டயரில் இந்த ஆக்ஸில் தாராளமாகத் தாங்கும். பிரீதர், கீழே ஒரு டிஃபரன்ஷியல் கார்டு. இந்த ரெண்டோடு நிறுத்திக்கலாம்.

தார்: 2020-ல் வந்த தாரில் பின்னாடி சாலிட் ஆக்ஸில், முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், சிவி ஷாஃப்ட். பல வேரியன்ட்களில் ஸ்டாக் டயரே 255/65 ஆர்18, சுமார் 31 அங்குலம். சில வேரியன்ட்களில் பின்னாடி மெக்கானிக்கல் லாக்கர் கம்பெனியிலிருந்தே வரும். அது பூட்டணும்னா சக்கரம் கொஞ்சம் சுழலணும்; அதற்காக முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம், மெதுவாக, சீராகக் கொடுங்க. லிஃப்ட் போட்டால் முதலில் அடிபடுவது முன் சிவி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் பாருங்க. பூட் கிழிஞ்ச அன்னைக்கே மாத்தினால் செலவு சின்னது. மண் உள்ளே போய் ஜாயின்ட் அரைபட்டால் பெருசு. பின்சக்கர டிரைவ் தார் வாங்கினவங்களுக்கு முன் ஷாஃப்ட் கவலையே இல்லை. ஆனா அந்த வண்டியோடு பாறையில் ஏறும் ஆசையும் வேண்டாம்.

ஃப்யூஸ் எதுன்னு முடிவு பண்ணுங்க

இப்போ முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஆக்ஸில் ஷாஃப்ட்டை மட்டும் ரொம்ப பலமாக்கினால், உடைகிற இடம் கிரவுன்-பினியனுக்கு மாறும். அதையும் பலமாக்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மாறும். ஒவ்வொரு முறையும் பில் பெருசாகிக்கிட்டே போகும். கிராஸ் உடைந்தால் ரெண்டு ஸ்பேனர், ஒரு சர்கிளிப் பிளையர், ஒரு சுத்தியலோடு மரத்தடியிலேயே மாத்திடலாம். கிரவுன் பல் உடைந்தால் வண்டியை லாரியில்தான் ஏத்தணும்.

அதனால பிராப்பெல்லர் ஷாஃப்ட்டில் நல்ல தரமான, ஸ்டாக் அளவு கிராஸே இருக்கட்டும். அதை ஒரு சைஸ் பெரிசாக்கும் ஆசை வேண்டாம். தேய்ந்தது இருக்கக் கூடாது, டூப்ளிகேட் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பையில் எப்பவும் ரெண்டு புது கிராஸ், சர்கிளிப், ஃப்ளாஞ்ச் போல்ட் இருக்கட்டும்.

பின் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டே உடைஞ்சாலும் பயப்பட வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு, 4×4 போட்டு, முன் சக்கர இழுவையிலேயே மெதுவாக ஊர் வந்து சேரலாம். ரெண்டு முனையிலும் ஃப்ளாஞ்ச் இருக்கிற வண்டிகளுக்கு இது சுலபம். ஷாஃப்ட் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைகிற டிசைன் என்றால், உருவினதும் ஆயில் கொட்டும். அந்த ஓட்டையை அடைக்க வழி வேணும். உங்க வண்டி எந்த வகைன்னு இன்னைக்கே கீழே எட்டிப் பார்த்துடுங்க. அதேபோல முன்பக்க ஷாஃப்ட் உடைஞ்சா அதைக் கழற்றிட்டு 2×4-ல் திரும்பலாம். ஆனா, பின்பக்கம் செமி-ஃப்ளோட்டிங் ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தால் ஓட்டிக்கிட்டு வர முயற்சி பண்ணாதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி-யில் இருக்கிற விவரங்கள் கம்பெனி ஆரம்பத்தில் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த ஷாஃப்ட்டையோ கிராஸையோ அதே அளவில் புதுசாக மாற்றுவது பழுதுபார்க்கும் வேலை. ஆனா உயரத்தைக் கூட்டுவது, வெளியே துருத்துகிற டயர், வேறு வண்டியின் ஆக்ஸிலையே தூக்கி மாட்டுவது எல்லாம் வேறு கதை. செலவு செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றங்கள், விபத்து நேரத்தில் கிளெய்முக்கே வேட்டு வைக்கலாம். வாரன்ட்டியில் இருக்கிற வண்டி என்றால் ரெண்டு தடவை யோசிங்க. இன்னொண்ணு, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். தனியார் இடம், முறையான ஆஃப்ரோடு டிராக், அனுமதி வாங்கின பாதை, இவை போதும்.

சுருக்கமா ஒரு ஆர்டர்

1. கிராஸ், கிரீஸ், சீல், ஆயில், பிரீதர். இந்த மாசமே முடிச்சிடுங்க.

2. உதிரி கிராஸ், சர்கிளிப், போல்ட், டூல்ஸ். அடுத்த டிரிப்புக்கு முன்னாடி.

3. ஸ்டாக் அளவுக்கு நெருக்கமான நல்ல டயர். பழையது தேய்ந்த பிறகு.

4. லிஃப்ட் போட்டிருந்தால் மட்டும், பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் நீளமும்.

5. ஷாஃப்ட் உண்மையிலேயே திருகினால் அல்லது உடைந்தால் மட்டும், ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்டோடு நல்ல ஆக்ஸில் ஷாஃப்ட்.

6. இதெல்லாம் முடிஞ்சும் பாதையில் திணறினால், லாக்கர்.

பெரும்பாலானவங்களுக்கு மூணாவது எண்ணோடயே வேலை முடிஞ்சிடும். மிச்சமாகிற காசை டீசலுக்கோ பெட்ரோலுக்கோ வெச்சுக்கோங்க. ஓட்ட ஓட்டத்தான் காலுக்குப் பக்குவம் வரும். ஆக்ஸில் காசில் ஒரு பகுதியை வின்ச் கொக்கி, ரெக்கவரி பெல்ட் பக்கமும் திருப்பினால் இன்னும் நல்லது. தனியா மட்டும் போகாதீங்க. இன்னொரு வண்டி கூட வரட்டும்.